அக்காவின் தமிழ் ஏறாத தளம்

சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே, முடிதிருத்தும் கடைக்கும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவில், நானும் அக்காவும் ஜன்னல் திரை தைக்கும் கடை வைத்திருந்தோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருந்தவர். தொழிற்சாலை ஆள்குறைப்பில் வேலை போனதும் தையலில் இறங்கியிருந்தார். நான் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்த்துச் சலித்துப்போயிருந்தேன். அவருக்குத் துணி தெரியும், எனக்குக் கணினி தெரியும். சேர்ந்துகொண்டோம்.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். எந்த ஜன்னலுக்கு எந்தத் துணி, துவைத்தால் சுருங்குமா, வெயிலில் வெளுக்குமா. இதற்கெல்லாம் பதிலை எழுதி இணையத்தில் போட்டுவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். இலவசமாகக் கிடைத்த ஒரு வலைப்பூவில் கடையின் பெயரில் பக்கம் திறந்தேன். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, வேறொன்றும் இல்லை. அக்கா கைப்பேசியில் தமிழில் எழுதி அனுப்புவார், நான் ஏற்றுவேன்.

நான் எதிர்பார்த்தது துணியின் பெயரும் அகலமும். அக்கா எழுதியதோ வீடுகளைப் பற்றி. மேற்குப் பார்த்த ஒரு வீட்டில் சாயங்கால வெயில் நேராகப் பிள்ளையின் பாடப்புத்தகத்தில் விழுவதையும், அம்மாக்காரி பழைய சாரோங் ஒன்றை ஜன்னலில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்ததையும் எழுதிவிட்டு, கடைசியில்தான் எந்தத் துணி நல்லது என்பதற்கு வருவார். அதுவும் இரண்டே வரி.

இரவு வேலைக்குப் போகிறவர்களின் வீட்டைப் பற்றி அவர் எழுதியது எனக்கு ஓரளவு மனப்பாடம். அக்காவின் கணவரும் இரவு ஷிப்ட் பார்த்தவர்தான். “அவர் தூங்கும்போது எங்கள் வீட்டில் பகல் இருக்காது. கரண்டியைக்கூடத் துணி விரித்துத்தான் வைப்பேன். பிள்ளைகள் கோபம் வந்தாலும் மெதுவாகத்தான் சண்டை போடுவார்கள்” என்று ஆரம்பித்திருந்தார். அதன் கீழே தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு பெண் எழுதினார்: “அக்கா, என் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதினீர்களா?” அதன் பிறகு அக்கா எதை எழுதினாலும் அந்தப் பெண்ணின் பதில் முதலில் வந்துவிடும். திரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தன் வீட்டைப் பற்றி எழுதுவார், அக்கா பதில் எழுதுவார். இருவரும் நேரில் பார்த்ததில்லை.

தஞ்சோங் தொக்கோங் பக்கம் கொண்டோ என்கிற வசதியான புது அடுக்குமாடிகள் எழும்பியபோது, அங்கே குடிவந்தவர்களிடம் எங்கள் கடை போய்ச் சேரவில்லை. ஒரு சீன அம்மா எங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “படம் எங்கே?” என்று கேட்டார். எனக்கும் அக்காவுக்கும் அது உறைத்தது. வேறு தளம் தேட ஆரம்பித்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில், வெட்டுகிற மேசையில் மடிக்கணினியை வைத்து, அக்காவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். பழைய தளத்திலேயே இருப்பது ஒன்று. எல்லாவற்றையும் நாமே கட்டிக்கொள்ளும் தளம் ஒன்று. அதற்கு நான் நிறையப் படிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது, வருடச் சந்தா கட்டினால் எல்லாம் தயாராகக் கிடைப்பது. படத்தை இழுத்துப் போட்டால் போதும், முகப்பு முழுக்க விரியும். எங்கள் திரை ஒன்றின் படத்தைப் போட்டுக் காட்டினேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“நம்ம தைச்சதா இது? ஓட்டல் மாதிரி இருக்குலா.”

“எனக்கும் இதான் பிடிச்சிருக்கு அக்கா.”

“அப்புறம் என்னா யோசன? இதையே எடு.”

அவர் எழுதியதில் ஒன்றை அதில் ஏற்றிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. தமிழ் எழுத்து உடைந்து வந்தது. கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம், கால் ஓரிடம். தலைப்பில் வெறும் கட்டங்கள். உதவிப் பிரிவுக்கு எழுதினேன். இந்த வடிவமைப்பில் உங்கள் மொழி இல்லை, வேறு மொழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

பழையதிலேயே இருந்துவிடலாமா என்று கேட்டேன். அக்கா சிரித்தார்.

“கஸ்டமர் முக்கால்வாசி பேரு தமிழ் படிக்க மாட்டாங்க. நான் இங்லீஷ்ல எழுதறேன். தப்பிருந்தா நீ திருத்திக்க.”

“ரெண்டையும் வச்சிக்கலாமே?”

“ரெண்டு கடையா வச்சிருக்கோம்? ஆளுங்க குழம்பிப் போவாங்கலா. பழச மூடிடு.”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எழுதியதெல்லாம் அவருடைய கைப்பேசியில் இருக்கும் என்று நான் நினைத்தேன். என் கணினியில் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். பழைய பக்கத்தை அழித்தோம்.

புதுத் தளம் எங்களைக் கைவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கொண்டோக்காரர்கள் வந்தார்கள். தையலுக்கு இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தோம். அக்காவும் சொன்னபடி ஆங்கிலத்தில் எழுதினார். இந்தத் துணி வெயிலைத் தடுக்கும், இந்த நிறம் அறையைப் பெரிதாகக் காட்டும். தப்பே இருக்காது. கடைகளில் கொடுக்கும் விளம்பரத் தாள்போல இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் குறைந்து, படத்துக்குக் கீழே நானே இரண்டு வரி போட ஆரம்பித்தேன். அக்கா ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை. வேலை அதிகம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மழைநாளில், குடையை வாசலில் மடித்து வைத்துவிட்டு ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். பஸ் பிடித்து பட்டர்வொர்த் வந்து, பெர்ரி ஏறிக் கடல் தாண்டி, மறுபடி பஸ் பிடித்து வந்திருக்கிறார். திரையைப் பற்றி எழுதுகிற அக்கா யார் என்று கேட்டார். தாசேக் கெலுகோர் என்றதும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஊசியை அப்படியே துணியில் குத்திவிட்டு எழுந்து வந்தார்.

“நீங்கதானாமா அது!”

“பக்கமே காணமேக்கா. ஒங்களுக்கு ஒடம்புக்கு என்னமோ ஆயிடுச்சின்னு நெனச்சிட்டேன்.”

“நல்லாத்தான் இருக்கேன். வேற எடத்துக்கு மாத்திட்டோம்.”

“அங்க எழுதறீங்களா?”

“இங்லீஷ்ல.”

அந்தப் பெண் தலையை ஆட்டினார். கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னார்: “எங்க வீட்டுக்காரரு தூங்குற நேரத்துல நான் யார்கிட்டயும் பேச முடியாதுக்கா. ஒங்க எழுத்தத்தான் படிச்சிட்டிருப்பேன். திரும்பத் திரும்ப. எங்கயாச்சும் வச்சிருக்கீங்களா?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அப்போதுதான் இருவரிடமும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அக்கா கைப்பேசியை இரண்டு முறை மாற்றிவிட்டிருந்தார். நானோ ஏற்றியவுடன் அவர் அனுப்பிய செய்தியை அழித்துவிடுகிறவள்.

அக்கா அவரை உட்காரவைத்து பால் ஊற்றாத தே ஓ வாங்கிக் கொடுத்தார். படுக்கையறை ஜன்னலின் அளவைக் கேட்டு, வெளிச்சமே நுழையாத கனத்த துணியில் அன்றைக்கே தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, மழை விடக் காத்திராமல் கிளம்பிப் போனார். திரும்ப வரவில்லை.

மகன் கெப்பாலா பத்தாஸில் வீடு வாங்கியபோது அக்காவும் கணவரும் அங்கே போய்விட்டார்கள். கடையை நான் நடத்துகிறேன். போன வருடம், அதே இலவசத் தளத்தில், வெள்ளையில் கறுப்பாக, தமிழுக்கென்று ஒரு பக்கம் திறந்துவிட்டு அக்காவைக் கைப்பேசியில் அழைத்தேன். ஏதாவது எழுதி அனுப்புங்கள், இந்தத் தடவை எல்லாவற்றையும் பத்திரமாக வைக்கிறேன் என்றேன். சரி பார்க்கிறேன் என்றார். சில வாரம் கழித்து மறுபடி கேட்டேன்.

“ஒக்காந்து பாத்தேன் தங்கச்சி. வரல. ‘இந்தத் துணி வெயிலத் தடுக்கும்’னுதான் வருது.”

“பழச ஞாபகப்படுத்தி எழுதலாமே அக்கா?”

“என்னா எழுதுனேன்னே ஞாபகம் இல்லலா. நீ ரெண்டு வரி சொல்லேன்.”

கரண்டியைத் துணி விரித்து வைப்பதைச் சொன்னேன். “நானா எழுதுனேன்?” என்றார்.

நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. பேச்சை மாற்றி, அங்கே பாசாரில் மீன் நன்றாகக் கிடைக்கிறதா என்று கேட்டேன். கிடைக்கிறது என்றார். அவர் வீட்டுக்காரருக்கு இப்போது இரவில் தூக்கம் வருவதில்லை என்றும், விடியும்வரை இருவரும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார். அதை எழுதுங்கள் அக்கா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.