மெக்சிக்கோக்காரிக்குச் சொன்னது

அந்த மெக்சிக்கோத் தொடரை நான் பார்க்கத் தொடங்கியது வேலையிடத்துச் சாப்பாட்டு இடைவேளையில். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சிறுவர் பள்ளியில் உதவியாளராக இருக்கிறேன். என்னோடு வேலை செய்பவர்களில் ஒருத்தி மெக்சிக்கோக்காரி. நோர்வேக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து வந்தவள். பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரத்தில் ஓய்வறை மேசையில் தன் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவைத்துத் தொடர் பார்ப்பாள். முதலில் போகிற வருகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். பிறகு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அவள் ஸ்பானிஷ் மொழியைக் கேட்பாள், நான் கீழே ஓடும் நோர்வேஜிய எழுத்தை வாசிப்பேன். அழவேண்டிய இடத்தில் அவள் முதலில் அழுவாள். எனக்கு எழுத்து வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும்.

பெரிய பண்ணைக் குடும்பம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணின் கதை. புருஷன் செத்துப்போக, அவள்தான் காரணம் என்று வீட்டார் பழி போடுகிறார்கள். அவள் ஊர் ஊராக ஓடுகிறாள். இரண்டாவது பருவத்தில் அவள் ஒஸ்லோவுக்கு ஓடி வருவதாகக் கதை எழுதியிருந்தார்கள். தன்னுடைய ஆட்களுக்கு இதைவிடத் தூரமான ஊர் ஒன்று ஞாபகம் வரவில்லைப் போல என்று என் சிநேகிதி சிரித்தாள். படப்பிடிப்புக் குழுவுக்கு இங்கே உள்ளூர் உதவி செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் அவளுக்குத் தெரிந்தவர். ரயில் நிலையக் காட்சி ஒன்றுக்கு நடுத்தர வயதுப் பெண் வேண்டும், நோர்வேக்காரியாக இருக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். அவள் என் படத்தை எடுத்து அனுப்பிவிட்டு, அனுப்பிய பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

நான் மாட்டேன் என்று சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த மாரிக் குளிர் முழுக்க எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. என் கணவர் இங்கே இருந்தபடியே மன்னாரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அது அவருடைய ஊர். நான் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் ஒரு தீவில் பிறந்து, பத்தொன்பது வயதில் புறப்பட்டவள். வேலையிலிருந்து இளைப்பாறியதும் இரண்டு பேரும் மன்னாருக்குப் போய் இருப்பது என்பது எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத, ஆனால் எல்லாரும் எடுத்ததாக நினைத்த ஒரு முடிவு. வேலையால் வந்து கால் கழுவியதும் அவர் வீடு கட்டும் மேசனாரை வீடியோவில் கூப்பிடுவார். சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று போனுக்குள் பார்ப்பார். பிறகு போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது, சமைக்கக் குசினிக்குள் வெளிச்சம் காணுமா என்று கேட்பார். நான் வெங்காயம் வெட்டியபடி ஓம், சரி என்பேன். போனை வைத்ததும் எழும்பி உடுப்பு மடிப்பேன், மடித்ததைத் திரும்ப எடுத்து உதறுவேன், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு குப்பை போடப் போகிறேன் என்று வெளியே போய் நடந்துவிட்டு வருவேன்.

மன்னாரில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் போக மனமில்லை. தீவில் பிறந்தும் நீந்தத் தெரியாமல் வளர்ந்தவள், ஐம்பது வயதுக்குப் பிறகு இங்கேதான் நகராட்சிக் குளத்தில் நீந்தப் பழகினேன். காலையில் வேலைக்குப் போனால் என் காலைக் கட்டிக்கொள்ள எட்டுப் பத்துக் குழந்தைகள் இருக்கிறார்கள். அங்கே போனால் நான் அவருடைய மனைவி, அவ்வளவுதான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மனிதர் முப்பது வருஷத்துக்கு மேலாகத் தபால் பொதிகளைத் தரம்பிரிக்கும் இடத்தில், அந்த வீட்டை மனதில் கட்டிக்கட்டித்தான் நின்று வேலை செய்தார்.

படப்பிடிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒஸ்லோ நிலையத்தில் சனக் கூட்டம் கூட என்று பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமின் நிலையத்தில் வைத்திருந்தார்கள். ஊர்ப் பெயர்ப் பலகையைத் துணியால் மூடி, உருகிப்போன பனிக்குப் பதிலாக வெள்ளைக் கடதாசித் தூளைத் தூவியிருந்தார்கள். கணவர் திருப்பலிக்குத் தனியே போனார். போகும்போது என் சால்வையைச் சரிபார்த்து, தலையை நன்றாக வாரி இழுக்கச் சொன்னார்.

காட்சி சின்னது. கதாநாயகி ரயில் மேடையின் நீள வாங்கில் உட்கார்ந்து அழுகிறாள். முன்பின் தெரியாத ஒருத்தி பக்கத்தில் வந்து இருந்து, கையைப் பிடித்துத் தன் மொழியில் ஆறுதல் சொல்கிறாள். இயக்குநர் மெலிந்த தாடி வைத்த இளம் ஆள். அவர் சொன்னதை என் சிநேகிதி எனக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னாள். நான் எதை வேண்டுமானாலும் பேசலாம். அவர் கையைத் தூக்கும்வரை நிறுத்தக் கூடாது. கீழே எழுத்துப் போட மாட்டார்கள், அவளுக்கு விளங்காதது பார்க்கிறவர்களுக்கும் விளங்கக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம்.

முதல் தடவை, ஏன் பிள்ளை அழுகிறாய், அழாதே, எல்லாம் சரிவரும் என்றேன். அதோடு எனக்குப் பேச்சு முடிந்துபோயிற்று. இயக்குநர் கையைத் தூக்கவில்லை. திரும்பவும் எல்லாம் சரிவரும் என்றேன். இரண்டாம் தடவை, நிறுத்தாமல் பேசுவதற்கு வழி தேடி, செபமாலைச் செபத்தைச் சொல்லத் தொடங்கினேன். அதையும் வேண்டாம் என்றார்கள். அந்த நடிகை என் சிநேகிதியிடம் ஏதோ சொன்னாள். நான் தன்னோடு கதைக்கவில்லை, வேறு யாரோடோ கதைக்கிறேன் என்று அவள் சொன்னதாகச் சிநேகிதி சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மூன்றாம் தடவை அவள் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. வேறு நகரத்தில் வேலை பார்க்கும் என் மகளின் வயதுகூட இராது. கண்ணை நேரே பார்த்தாள். சுற்றி நின்ற ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் கதைத்தேன்.

“எனக்கு அங்கை போக விருப்பமில்லை, பிள்ளை. மனுசன் வீடு கட்டிறார். ஜன்னல் எங்கை வைக்கிறது எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறார். நானும் ஓம் ஓம் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். எனக்கு இஞ்சைதான் இருக்க வேணும். செத்தாலும் இஞ்சைதான். இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உனக்குத்தான் சொல்லுறன்.”

இன்னும் கொஞ்சம் சொன்னேன். அவள் ஸ்பானிஷ் மொழியில் ஏதோ பதில் சொல்லி அழுதாள். இயக்குநர் வெகுநேரம் கழித்துத்தான் கையைத் தூக்கினார். என்ன சொன்னாய் என்று சிநேகிதி கேட்டாள். சும்மா, பிள்ளைகளைப் பற்றி என்றேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை எடுத்தார்கள். அவற்றில் குளிரைப் பற்றியும் சோறு கறியைப் பற்றியும் பேசினேன்.

திரும்பி வரும்போது ரயிலில் என்னால் இருக்க முடியவில்லை. இடம் இருந்தும் கதவடியில் நின்றுகொண்டு வந்தேன். சொல்லி முடித்ததும் வந்த லேசு, வீட்டுக்குக் கிட்ட வர வரப் பயமாக மாறியது. எந்தத் தடவை எடுத்ததைப் போடுவார்கள்? மெக்சிக்கோவில் யாருக்கும் விளங்காது. ஆனால் அந்தத் தொடர் இங்கேயும் வருகிறதே.

என் கணவர் அதற்குள் கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டிருந்தார். மனிசி மெக்சிக்கோ நாடகத்தில் நடிக்கிறா என்று, திருப்பலி முடிந்து தேத்தண்ணீர் குடிக்கிற இடத்தில் ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். தொடர் வரும் தளத்துக்கு உடனே சந்தாவும் கட்டினார். வெளிவந்ததும் முதல் சனிக்கிழமை இரண்டு குடும்பத்தைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, பெரிய திரையில் எல்லாருமாகப் பார்ப்பது என்று ஏற்பாடு.

கோடை போயிற்று. மாரி வந்தது. அந்த மாதங்களில் நான் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கவில்லை. குளத்தில் நீந்தும்போதுகூட நடுவில் நின்று யோசித்தேன். எந்தத் தடவையைச் சேர்த்தார்கள் என்று விசாரிக்கச் சொல்லிச் சிநேகிதியைக் கரைச்சல்படுத்தினேன். அவளுக்கும் தெரியவில்லை. முந்திக்கொண்டு நானே சொல்லிவிடலாம் என்று அவருக்கு முன்னால் போய் இருப்பேன். அவர் நிமிர்ந்து என்ன என்பார். அந்த நேரம் பார்த்து மேசனார் கூப்பிடுவார், அல்லது தேத்தண்ணி போடட்டோ என்று என் வாய் கேட்டுவிடும்.

எங்கள் மாடிக்கு மேலே தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். கணினி வேலை. நல்ல பிள்ளை. நாடகச் செய்தியை என் கணவர் அவளுக்கும் சொல்லியிருந்தார். நான் கதைப்பதில் பாதி தனக்கு விளங்காது என்று சிரிப்பாள். அவள் இங்கிலீஷ் கலந்து பேசுவதில் பாதி எனக்கு விளங்காது. தொடர் வெளிவந்த வியாழக்கிழமை வேலையால் வந்து லிஃப்டுக்குள் ஏறினேன். அவளும் ஏறினாள்.

“ஆன்ட்டி, உங்க சீன் பாத்துட்டேன். ரொம்ப நல்லா பண்ணிருக்கீங்க” என்றாள். பிறகு பொத்தான்களைப் பார்த்தபடி, “எனக்கு முழுசாப் புரியல. ஆனா... அங்கிள் பாத்துட்டாரா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் என் கையை ஒரு தரம் தொட்டாள். என் மாடி வந்தும் நான் இறங்கவில்லை. அவள் இறங்கிப் போன பிறகு அதே லிஃப்டில் கீழே வந்து, வந்த வழியே திரும்ப நடந்தேன்.

கணவரின் வேலை முடிய நேரம் இருந்தது. அவர் ரயில் ஏறும் நிலையத்துக்குப் போய் மேடையில் நின்றேன். நிற்கும்போதே போனில் அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்தேன். மூன்றாம் தடவைதான். கமரா பாதி நேரம் அந்தப் பெண்ணின் முகத்தில் நின்றாலும், என் குரல் ஒரு சொல் விடாமல் கேட்டது. மெல்லிய இசைகூடப் போடவில்லை.

அவர் வந்தார். என்னைக் கண்டதும் பயந்துபோனார், ஊரில் யாருக்கும் ஏதுமோ என்று கேட்டார். ஒன்றுமில்லை, இருங்கோ என்று வாங்கில் இருத்தி, போனைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். முதலில் சிரிப்போடுதான் பார்த்தார். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரயில் ஒன்று வந்து நின்று போனது. எங்களில் யாரும் ஏறவில்லை.

“திரும்பப் போடும்” என்றார்.

போட்டேன். இரண்டாம் முறையும் கடைசிவரை பார்த்தார்.

“எனக்குச் சொல்லியிருக்கலாமே.”

“எத்தினையோ தரம் சொல்ல வந்தனான். வாயிலை வரேல்லை.”

“நீர் ஓம் ஓம் எண்டேக்கை, உமக்கும் விருப்பம் எண்டுதான் நான் நினைச்சனான்.”

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. அடுத்த ரயிலில் ஏறினோம். அவர் ஒரு கம்பியையும் நான் இன்னொரு கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கோபம் அடுத்த நாள் வந்தது. யாருக்காக இந்தப் பாடெல்லாம் பட்டேன் என்று கேட்டார். நான் கேட்டேனா என்று நானும் கேட்டுவிட்டேன். மேசனாரின் அழைப்பை அவர் எடுக்காமல் விட்டார். மேசையில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. விழப்போகிறதே என்று நானே எடுத்து, அவர் குளிக்கிறார், பிறகு கதைப்பார் என்று சொன்னேன். அவர் எனக்கு எதிரே இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வர இருந்தவர்களுக்கு, இன்டர்நெட் பிரச்சினை, இன்னொரு நாள் பார்ப்போம் என்று சொன்னார். அவர்கள் தங்கள் தங்கள் வீட்டில் பார்த்துவிட்டார்கள். ஞாயிறு கோயிலுக்குப் போகவே மனமில்லை. ஆனாலும் இரண்டு பேருமாகப் போனோம். நாடகத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதிலிருந்தே எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. தேத்தண்ணீர் எடுக்கும் இடத்தில், பாட்டுக் குழுவில் பாடும் ஒருத்தி சீனி போடுகிற மாதிரி எனக்குக் கிட்ட வந்தாள்.

“அக்கா, நானும் இவருக்கு இன்னும் சொல்லேல்லை” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவர்களும் பருத்தித்துறையில் மாடி வீடு கட்டுகிறவர்கள்.

இதை வீட்டில் சொல்லவில்லை. அவளுடைய விஷயத்தை அவள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. அடுத்த கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வீட்டைக் கட்டி முடியுங்கோ, பாதியில் விட வேண்டாம் என்றேன். மாரிக்கு நீங்கள் போய் இருந்து பாருங்கோ, நான் லீவுக்கு வாறன், நிரந்தரமாக வர என்னால் ஏலாது என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, தனியப் போய் இருந்தால் சனம் என்ன கதைக்கும் என்றார். சனம் ஏற்கெனவே கதைத்து முடிந்தது என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கி, தண்ணீர் குடித்தார்.

அவர் இளைப்பாறி, போன தை மாதம் மன்னாருக்குப் போனார். விமான நிலையத்தில் என்னிடம் ஒஸ்லோ வீட்டின் திறப்புச் சாவியைத் தந்துவிட்டு, பிறகு திரும்பி வரும்போது தனக்கும் வேண்டும் என்று திரும்ப வாங்கிக்கொண்டார். கிணற்றுத் தண்ணீர் உவர், பக்கத்து வீட்டுக்காரர் நல்ல சனம், மீன் மலிவு என்று ஒவ்வொரு நாளும் கதைக்கிறார். முதலில் மாசிக் கடைசிக்கு வருகிறேன் என்றார். பிறகு இரண்டு கிழமை தள்ளிப்போட்டார். நான் சரி என்றேன். அந்தச் சரியை உண்மையாகத்தான் சொன்னேனா என்று அவர் கேட்டார். உண்மையாகத்தான், ஆனால் இன்னும் தள்ளிப்போட்டால் எனக்குப் பிடிக்காது என்றேன். நாங்கள் இப்படிக் கதைப்பது இரண்டு பேருக்கும் புதிது.

போன ஞாயிறு முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். சோபாவை மற்றச் சுவருக்கு இழுத்துப் பார்த்தேன், அது அங்கே பொருந்தவில்லை, அப்படியே விட்டேன். திங்கள் காலை பாதை முழுக்க ஐஸ். வழுக்காமல் இருக்கச் சப்பாத்துக்கு இரும்பு முள் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.