துத்தம் தின்ற கெடா

இரண்டாயிரம் பிறந்து ரெண்டு மூன்று வருஷம் இருக்கும். சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற வழியில் ஒரு தெருவில் குடியிருந்தோம். வெடிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே குழாய் உருட்டினேன். பெரிய வேலை இல்லை. இரும்புக் கம்பியில் பேப்பரைச் சுற்ற வேண்டும். ஓரத்தில் பசை தடவி உருட்டி, கம்பியை உருவ வேண்டும். அவ்வளவுதான் குழாய். பிறகு தெருவில் காயப் போடுவோம். காயப் போட்டது போக மிச்சம் இருக்கிற தெருவில்தான் ஆட்கள் நடப்பார்கள்.

பசை மைதா மாவில் கிண்டுவது. மைதா என்றால் கரப்பான் வரும். அதனால் மயில்துத்தம் கலப்போம். கல் உப்பு மாதிரி இருக்கும், நீலமாக. விஷம். ஒரு சட்டிப் பசைக்கு ஒரு சிட்டிகை போதும்.

அந்த வாரம் கரப்பான் என் குழாயை அரித்துவிட்டது. கம்பெனிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஏஜெண்ட் உண்டு. அவர் அத்தனையையும் என் வாசலில் திருப்பிக் கொட்டிவிட்டுப் போனார். எனக்குக் கோபம். மறுநாள் சிட்டிகை போடவில்லை. ஒரு கை அள்ளிப் போட்டேன். பசை வானம் மாதிரி வந்தது. கரப்பான் சாகட்டும் என்று நினைத்தேன். ஆட்டை நினைக்கவில்லை.

ஆடு அடுத்த வீட்டு அக்காவுடையது. அவர் வீட்டுக்காரரைத் தெருவே பாய் என்று கூப்பிடும். பஜாரில் பிளாஸ்டிக் குடம் விற்றார். குட்டியாக வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் வளர்த்த கெடா. பக்ரீத்துக்குக் குர்பானி கொடுக்க. அவர்கள் வீட்டில் அதுதான் முதல் குர்பானி. அக்கா தன் தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்து அதற்குப் போடும். குர்பானி ஆட்டில் குறை இருக்கக் கூடாது. நோயும் ஆகாது, நொண்டியும் ஆகாது. இந்தக் கெடா போனால் வேறு கெடா வாங்க அவர்களுக்கு வழி இல்லை. பக்ரீத்துக்குப் பத்து நாள் இருந்தது.

பசை கிண்டிய மறுநாள் காலையில் வெளியே வந்து பார்க்கிறேன், கெடா என் குழாய்களுக்கு நடுவில் நிற்கிறது. மைதா ருசி கண்டுவிட்டது. வாயெல்லாம் நீலம்.

"ஏய், போ!" என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றை மென்றது.

மத்தியானம் படுத்துவிட்டது. பல்லை நறநறவென்று கடித்தது. பச்சையாகக் கழிந்தது.

"யா அல்லா, என் பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சே!" என்று அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தது. பாய் மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிட சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். தெரு கூடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஏஜெண்ட் வண்டியில் வந்து இறங்கினார். ஆட்டைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்தார்.

"யாரு ஆடுலே இது? ஆர்டர் குழாயைத் தின்னுருக்கு. ஆட்டுக்காரன்தான் பதில் சொல்லணும்."

எதிர்வீட்டில் ஒரு அண்ணாச்சி இருந்தார். விருதுநகரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அன்றைக்கு லீவு. பனியனோடு வந்து நடுவில் நின்றார்.

"சட்டப்படி பேசுவோம். ஆட்டைக் கட்டி வைக்காதது ஆட்டுக்காரர் தப்பு. அது ஒண்ணு. குழாயைத் தெருவுல போட்டது குழாய்க்காரி தப்பு. அது ரெண்டு. தெரு இவுக அப்பன் வீட்டுச் சொத்தா?"

"நீங்க மட்டும் என்ன, போன வாரம் வத்தலைத் தெருவுலதான காயப் போட்டீக?" என்றது ஒரு குரல்.

"வத்தல் விஷமில்ல. விஷத்தை வச்சிருக்கிறவன் எம்புட்டு ஜாக்கிரதையா இருந்தாலும், அதால கெடுதி வந்தா அவன்தான் பொறுப்பு. 'நான் ஒண்ணும் செய்யலையே'ன்னு கையை விரிக்க முடியாது."

"அப்போ இந்தப் பிள்ளைதான் பொறுப்பா?"

"இருங்க. இது யாருக்கு வேலை செய்யுது? கம்பெனிக்கு. வேலைக்காரி செஞ்சது மொதலாளி தலையில. கம்பெனி சார்பா இங்கன நிக்கிறது யாரு?"

எல்லோரும் ஏஜெண்டைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, அதெல்லாம் செல்லாது. இது வேலைக்காரி இல்ல. குழாய்க்கு இம்புட்டுன்னு கூலி. எப்படி உருட்டுனா எனக்கென்ன?"

"முந்தாநாள் என் வாசல்ல நின்னு, 'இப்படி உருட்டு, அப்படி உருட்டு'ன்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன். அந்தக் கூட்டத்தில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். தெரு சிரித்தது.

பாயோடு டாக்டர் வந்தார். கெடாவின் வாயைத் திறந்து பார்த்தார்.

"பசையில துத்தம் எவ்வளவு?"

ஏஜெண்ட் முந்திக்கொண்டார். "ஒரு சிட்டிகைதான் சார். ஊர் பூரா அதான் அளவு."

"அப்போ பயப்பட ஒண்ணுமில்ல. கஞ்சி கொடுங்க, சரியாயிடும்." டாக்டர் பையை மூடப் போனார்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். சொன்னால் வேலை போகும், அக்காவும் போகும் என்று தெரியும். கெடா பல்லைக் கடித்தது.

"சிட்டிகை இல்ல சார். ஒரு கை" என்றேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். ரேகையில் இன்னும் நீலம் இருந்தது.

டாக்டர் பையைத் திறந்தார். ஊசி போட்டார், வாயில் ரப்பர் குழாய் விட்டு மருந்து இறக்கினார். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"சொன்னது நல்லதாப் போச்சு" என்றார் என்னிடம்.

நான் அக்கா பக்கம் திரும்பினேன். "தப்பு எம்மேலதான்க்கா."

"நீ சும்மா இரு" என்றது அக்கா. மூக்கைச் சேலையில் துடைத்தது. "காலையில கயித்தை அவுத்துவிட்டது நானு. வாய் ருசிக்கு நாலு எலை கடிச்சிட்டு வரட்டும்னு அவுத்துவிட்டேன். தப்பு எம்மேல."

"எம்மேலதான்."

"ஏண்டி, என் ஆட்டுக்குத் தப்புப் பண்ண நீ யாருடி?"

அண்ணாச்சி பனியனைத் தூக்கி வயிற்றைச் சொறிந்தார். "இருபது வருசமா கோர்ட்டுக்குப் போறேன். ரெண்டு பேரும் 'நான்தான் நான்தான்'னு மல்லுக்கு நிக்கிற கேஸை இன்னைக்குத்தான் பாக்கேன். இதுக்கு எந்த ஜட்ஜு தீர்ப்பு எழுதுவாரு?"

"டீ குடிச்சிட்டுப் போங்கண்ணாச்சி, அதான் தீர்ப்பு" என்றார் பாய்.

ஏஜெண்டும் குடித்தார். குழாயை எண்ணவில்லை. வேலையையும் நிறுத்தவில்லை. போகும்போது மட்டும், "கரண்டி வச்சு அளந்து போடு தாயி" என்றார்.

மூன்று நாள் குழாய் உருட்டவில்லை. கெடாவோடு இருந்தேன். அரிசிக் கஞ்சியை உப்புப் போடாமல் ஆற்றி, மூங்கில் குழாயில் ஊற்றினேன். முதல் நாள் துப்பியது. இரண்டாம் நாள் என் சேலையில் துப்பியது. அக்கா சிரித்துவிட்டது. அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்தது. மூன்றாம் நாள் காலையில் கெடா எழுந்து நின்றது. புழுவாகக் கழித்துப் போட்டது, கத்தை கத்தையாக. அப்புறம் வாளியை முட்டிக் கவிழ்த்துவிட்டுத் தீனி கேட்டுக் கத்தியது. கத்தல் தெருக்கோடி வரை கேட்டது.

டாக்டர் மறுபடி வந்து பார்த்தார். சிரித்தார்.

"அந்தக் காலத்துல ஆட்டுக்குக் குடல்புழு மருந்தே துத்தத் தண்ணிதான். அளந்து கொடுப்போம். இது அளக்காமத் தின்னுருக்கு. பொழச்சது அதிர்ஷ்டம். வயித்துல இருந்த புழு பூராப் போச்சு. இனிமேப் பாருங்க."

பார்த்தோம். அடுத்த ஒரு வாரம் கெடா தின்றது, தின்றது, தின்றுகொண்டே இருந்தது. ஒட்டியிருந்த வயிறு நிமிர்ந்தது. மயிர் எண்ணெய் தடவின மாதிரி மின்னியது.

பக்ரீத்துக்கு முந்தின நாள் பள்ளிவாசலிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கெடாவின் காதைப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். நான் என் வாசலில் கம்பியோடு உட்கார்ந்திருந்தேன். பேப்பர் சுற்றவில்லை.

"ஒரு குறையும் இல்ல. இந்தத் தெருவுலயே இதான் நல்ல கெடா. என்ன தீனி போட்டீக?" என்றார்.

அக்கா என் பக்கம் கையைக் காட்டியது. "அங்கன கேளுங்க."

பெருநாள் அன்று அக்கா கறி கொண்டுவந்தது. குர்பானிக் கறியை மூன்று பங்காக்கி வீட்டுக்கு, உறவுக்கு, ஏழைக்கு என்று கொடுப்பார்கள். என் சட்டியில் தொடைக்கறி விழுந்தது.

"இது எந்தப் பங்குக்கா?"

"உறவுப் பங்கு. வேறென்ன?"

சட்டியை வாங்கிக்கொண்டேன். அக்கா வாசலைத் தாண்டிவிட்டுத் திரும்பியது.

"ஏண்டி, அடுத்த வருசத்துக்கு அவரு குட்டி பாத்துருக்காரு. அதுக்கும் ஒரு கை போடுவியா?"

"போக்கா அங்கிட்டு" என்றேன். சிரிப்பில் சட்டி கை தவறப் பார்த்தது.