விளக்கு வெளிச்சத்துக்கு ஒரு புது கேமரா

திருவண்ணாமலையில் ஸ்டுடியோ வைத்திருந்த கவுஸ் பாஷாவை ஊர் தேடுவது கார்த்திகை தீபத்தன்றுதான். மலையில் தீபம் தெரிந்த பிறகே இங்கே வீட்டு விளக்குகளை ஏற்றுவார்கள். அந்த அகல் வெளிச்சத்திலேயே, ஃப்ளாஷ் போடாமல், குடும்பத்தைப் படமெடுப்பார். வேறு யாருக்கும் அது கைவரவில்லை.

அவர் மனைவி முன்னி பேகத்துக்குப் பக்கவாதம் வந்து, பார்த்துக்கொள்ள நான் நர்ஸாகப் போனது 2004-இல். முந்தைய தீபத்துப் படங்களில் சுடர்களெல்லாம் இழுபட்டிருந்தன. கேமரா பழசு, கம்மியான வெளிச்சத்தை அது வாங்குவதில்லை என்றார் கவுஸ் பாஷா. நான் பார்த்தது அவர் வலது கையை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கட்டைவிரல் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தது. வேலை பார்த்த இடங்களில் இந்த நடுக்கத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவரோ அதற்குப் பதில் டிஜிட்டல் கேமரா வாங்கினார். லென்ஸ் பழையதே, அதை மாட்டும் பெட்டி, அதாவது பாடி, மட்டும் புதுசு.

அந்தத் தீபத்துக்கு அடி அண்ணாமலையில், வருடாவருடம் அவரையே அழைக்கும் ஜோதியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்து படங்களைக் காட்டினார். இருட்டுக்குப் புது பாடி நல்லதுதான். பின்சுவர் வரை தெரிந்தது. ஆனால் அவர் விரலால் அழுத்தி எடுத்ததில் ஒவ்வொரு சுடரும் இரண்டாக இருந்தது. ஸ்டாண்டில் வைத்து, தானே எடுக்கும்படி டைமர் வைத்ததில் சுடர் ஒன்றாகத்தான் நின்றது. குழந்தை திரும்பிவிட்டது, ஜோதியம்மாள் கண்ணை மூடியிருந்தார். எல்லோரும் அசையாமல் நிற்கும் நொடி எதுவென்று கேமராவுக்குத் தெரியாது. அது அவர் விரலுக்குத்தான் தெரியும்.

இந்த மாடலே சரியில்லை என்று திட்டினார். முன்னி பேகம் குழறலாகச் சொன்னார்:

"அதை ஏங்க திட்டுறீங்க? என் கை விழுந்துடுச்சு, உங்க கை ஆடுது. நல்ல ஜோடிப் பொருத்தம்."

மறுநாள் கவுஸ் பாஷா என்னோடு டாக்டரிடம் வந்தார். மாத்திரையில் நடுக்கம் குறையும், நிற்காது என்றார் டாக்டர். குறையக்கூட இல்லை.

அடுத்த வருடம் ஜோதியம்மாள் ஃப்ளாஷ் போடும் ஆளை அழைத்துக்கொண்டார். கவுஸ் பாஷா வீட்டிலேயே இருந்தார். மலையில் தீபம் ஏறியதும் வெளியே சத்தம் கேட்டது.

"இதைவிட நல்ல பாடி வந்திருக்காம், சிஸ்டர். வெளிச்சமே வேணாமாம்" என்றார்.

"டீ ஆறுது, பாய்" என்று டம்ளரை அவர் வாயருகே பிடித்தேன். அதற்குள் முன்னி பேகத்தையும் புரட்டிப் படுக்கவைக்கவேண்டியிருந்தது.