இடக்கைத் தையல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை தேய்த்துக்கொண்டிருந்தவளின் வலது கை ஒருநாள் இஸ்திரி உருளைக்குள் போய்விட்டது. காயம் ஆறியது, விரல்கள் மட்டும் மடங்க மாட்டோம் என்று அடம்பிடித்தன. வேலை போயிற்று. சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஆகாத காரியம். மகனுடைய முட்டி கிழிந்த பேண்ட்டையும் பழைய ஜன்னல் திரையையும் வெட்டி, இடது கையால் ஒரு பை தைத்தாள்.

இடது கைக்கு ஊசி புதிது. நேராகப் போகவேண்டிய தையல் பாதியில் திரும்பி, திரைத்துணியில் இருந்த கறையைச் சுற்றிக்கொண்டு, எங்கோ போய் நின்றது. முதலில் பிரித்துப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டாள். கறையைச் சுற்றி இன்னொரு வரி ஓட்டினாள். நூல் தீர்ந்த இடத்தில், கையில் கிடைத்த வேறு நிறத்தைக் கோத்தாள்.

"என்ன இது, கோழி கிளறின மாதிரி இருக்கு?" என்றார் கணவர். ஆனாலும் அந்தப் பையைத்தான் வேலைக்கு எடுத்துப் போனார். அங்கே ஒருவர் விசாரிக்க, அவர் இன்னொருவரிடம் சொல்ல, கடைசியில் கடைத்தெருவில் பை விற்கும் அம்மாள் வீடு தேடி வந்துவிட்டார்.

"இதே மாதிரி தைச்சுக் குடுப்பீங்களா?"

"இதே மாதிரின்னா வராதுங்க. கை எங்க போகுதோ அங்கதான் தையல்."

"அப்போ எப்படி வருதோ அப்படியே குடுங்க."

ஒத்துக்கொண்டாளே தவிர, இடது கை மதியத்துக்குள் மரத்துப்போனது. கொடுக்கவேண்டிய நாளோ நெருங்கிவந்தது.

மாடியில் குடியிருந்த கொழுந்தனார் மனைவி முறையாகத் தையல் படித்தவள். யார் துணியை யார் கொடியிலிருந்து இறக்கிப் போட்டது என்ற தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று வெகுகாலம். கடைக்குப் போகப் படியிறங்கியவள், திறந்திருந்த கதவு வழியே இவள் கையை உதறிக்கொள்வதைப் பார்த்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து, பையின் மறுமுனையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"கோடு போடலியா?" சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"கோடெல்லாம் கிடையாது."

"அப்புறம் எப்படித் தைக்கிறதாம்?"

"தோணின பக்கம் போகவேண்டியதுதான்."

இளையவளின் தையல் ரயில் தண்டவாளம் போல நேரே வந்தது. மூத்தவளுடையது வளைந்து வளைந்து வந்தது. நடுவில் இரண்டும் முட்டிக்கொண்டன.

"கொஞ்சம் தள்ளிப் போங்களேன், அக்கா" என்று இளையவளுக்கு வாய்தவறி வந்துவிட்டது.

மூத்தவளுக்குச் சிரிப்பு முட்டியது. "நான் எங்க தள்றது? கை கேக்கணுமே!"

கடைசியில் இளையவளே தண்டவாளத்தை விட்டு இறங்கினாள். அவள் நூல் தடுமாறி, மூத்தவளின் வளைவுமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. தான் தைத்ததையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்கார அம்மாள் அந்தப் பையைத்தான் கடை முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிவைத்தார்.

இப்போது இளையவள் தனியாகவும் தைக்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் அவள் பைகளையே முதலில் எடுக்கிறார்கள். அதைக் கேட்டபோது மூத்தவளுக்குச் சுருக்கென்றது. அதை அவள் மறைக்கவும் இல்லை. இளையவள் கையிலிருந்து ஒரு பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. கைப்பிடியை இன்னும் இறுக்கித் தை. காய்கறி போட்டா பிஞ்சிடும்."