மெஹங்கா மாமன் கொண்டுவராத கோடி

என் தாய்மாமன் மெஹங்கா சிங்குக்கு அவர் ஊரே சிறையாகிவிட்டது. கனடாவில் மரம் அறுக்கும் ஆலையில் இருந்தவர், வெள்ளைக்காரனை விரட்டப் போகிறேன் என்று வேலையை உதறிவிட்டு ஊருக்குக் கப்பலேறினார். கரையில் இறங்கியதுமே பிடித்துக்கொண்டு போனார்கள். பல்லெல்லாம் கொட்டி வெளியே வந்தவருக்கு, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. ஜாமீன் நின்றவர் செக்காட்டும் கரம் தீன். மாமன் எல்லைக்கு வெளியே கால் வைத்தால் அவருடைய செக்கும் மாடும் ஜப்தியாகிவிடும்.

மாமனின் ஒரே தங்கை ஆஸ் கௌர்தான் என் அம்மா. அவளைக் கட்டிக்கொடுத்தது அடுத்த ஊரில். நடுவில் ஒரு வாய்க்கால்தான் எல்லை. அம்மாதான் கடுகுக்கீரை கடைந்து எடுத்துக்கொண்டு போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு குளிர்காலம் இருமல் அவளைக் கட்டிலில் தள்ளியது. கோதுமை கதிர் விடும்போது போய்விட்டாள்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் கடைசித் துணியான கோடி பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். இல்லையென்றால் நாதியற்ற பிணம் என்று பேர். நாவிதர் போய்ச் சேதி சொல்லி வந்தாயிற்று. பாடையும் கட்டியாயிற்று. துணி வரவில்லை.

"வெள்ளைக்காரன் ராஜ்ஜியத்தையே கவுக்கக் கெளம்புன மனுசன், ஒரு வாய்க்காலத் தாண்ட மாட்டாராமா?" என்றாள் என் அத்தை, அப்பாவின் அக்கா.

இடுப்பில் என் பிள்ளையோடு வாய்க்காலுக்கு ஓடினேன். எதிர்க்கரையில் மாமன் வெள்ளைத் துணியோடு நின்றிருந்தார். பக்கத்தில் கரம் தீன்.

"போங்கண்ணே. மாடு போனா போகட்டும், எம் பொண்டாட்டியச் செக்குல கட்டிக்கிறேன். எப்பவும் என்னையச் சுத்திச் சுத்தித் திட்டிக்கிட்டுத்தான் வர்றா."

மாமன் சிரிக்கவில்லை. "உம் புள்ளைங்க ரொட்டியில மண்ணப் போட்டுட்டு எந்தங்கச்சிக்குக் கோடி போடவாடா? அவளே என்னையக் காறித் துப்புவா." துணியைத் தடவினார். பிறகு கரம் தீனிடம் நீட்டினார். "நீ கொண்டு போ. நம்மூருப் பொண்ணு, உனக்கும் தங்கச்சிதானே."

கரம் தீன் எங்கள் முற்றத்தில் நுழைந்ததும் அத்தை, "செக்காட்டுறவன் கையாலயா?" என்றாள்.

"அவ பொறந்த ஊரு அண்ணன்தான்க்கா. வழி விடு," என்றார் அப்பா. அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

கரம் தீன் அம்மா மேல் துணியைப் போர்த்தினார். எரித்துவிட்டு ஆண்கள் திரும்பியபோதும் மாமன் புகையைப் பார்த்தபடி எதிர்க்கரையிலேயே நின்றிருந்தாராம்.

இரண்டு வருஷம் கழித்து உத்தரவு நீங்கியது. மாமன் முதலில் வந்தது எங்கள் ஊருக்குத்தான். வீட்டுக்குள் வரவில்லை. "அவ எந்த எடம்மா?" என்று கேட்டார்.

சுடுகாட்டுக்குக் கூட்டிப் போனேன். இடையில் விஷக் காய்ச்சல் வந்து எத்தனையோ பேரை அங்கே எரித்திருந்தார்கள். எங்கும் ஒரே சாம்பல்.

"நல்லாப் பாத்துச் சொல்லு, தாயி."

"இங்கதான் மாமா," என்று ஓர் இடத்தைக் காட்டினேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே உட்கார்ந்தார்.