சூட்டுப் பொக்களம்

ஆறு மாதக் குழந்தையாக விட்டுவிட்டுப் போன என் மகளை, அவளுக்கு இரண்டரை வயது ஆனபோதுதான் மறுபடி நேரில் பார்த்தேன். வளைகுடாவில் ஏசி மெக்கானிக் வேலை எனக்கு. ஒரு மாத லீவு கிடைத்து சொந்த ஊரான அருமனைக்கு வந்திருந்தேன். நடுவில் இருந்த இரண்டு வருடமும் எங்களுக்குப் போன்தான். தினமும் சாயங்காலம் கூப்பிடுவேன். கரண்டியைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டி "ஆ" என்பேன். அவளும் "ஆ" என்று வாயைத் திறப்பாள். பக்கத்தில் இருக்கிற என் மனைவி சோற்றை உள்ளே தள்ளிவிடுவாள். முடிவில் திரையில் ஒரு உம்மா. எங்கள் ஊரில் முத்தம் என்றால் வீட்டு முற்றம், மற்றது உம்மாதான். அந்த ஒரு உம்மாவை நேரில் வாங்கிவிட வேண்டும் என்றுதான் இரண்டு வருடத்தையும் ஓட்டினேன்.

வந்து நின்றால், பிள்ளை என்னைக் கண்டு வீறிட்டு அழுகிறாள். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்பா போன்ல" என்று போனைக் காட்டுகிறாள்.

"அந்த அப்பாதான் மக்கா இது" என்றாள் மனைவி. பிள்ளை நம்பவில்லை. நான் கொண்டுவந்த பொம்மையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். "நீ சொல்லிக் குடுக்காததுனாலதான் இப்பிடி" என்று மனைவிமேல் பாய்ந்தேன்.

"படத்துல உள்ள ஆளு ஒருநா எறங்கி வருவாருன்னு நான் எப்பிடிச் சொல்லிக் குடுக்க?" என்றாள் அவள். நான் சாயா குடிக்கப் போனேன்.

ஆறாம் நாள், கிணற்று மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்க மார்த்தாண்டத்துக்குப் போய் வெயிலில் நன்றாக அலைந்தேன். மறுநாள் காலையில் கீழுதட்டில் குறுகுறுவென்று ஒரு அரிப்பு. மத்தியானத்துக்குள் நீர் கோத்துக்கொண்டு நாலைந்து கொப்புளங்கள் எழும்பிவிட்டன. எனக்கு இது புதிதில்லை. பள்ளிக்கூடக் காலம் முதல், உடம்பு அலுத்தால் அதே இடத்தில் வரும். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சூட்டுப் பொக்களமாக்கும். மோரு குடி, மாறிரும்" என்றாள். காய்ச்சலானாலும் புண்ணானாலும் எங்கள் ஊரில் மாறும் என்றுதான் சொல்வோம். நானும் மோர் குடித்தேன்.

எட்டாம் நாள் அது நடந்தது. வாசல்படியில் உட்கார்ந்து மட்டி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். மகள் இரண்டடி தள்ளி நின்று என்னையே பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், "ஆ" என்று வாயைத் திறந்தாள். ஒரு துண்டு ஊட்டினேன். இன்னொன்று கேட்டாள். மூன்றாவது துண்டுக்கு மடியில் ஏறிவிட்டாள். கடைசியில், திரையில் கொடுக்கிற மாதிரியே, நேராக என் உதட்டில் ஒரு உம்மா. நான் பதிலுக்குப் பத்து கொடுத்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. பொக்களத்தின் நினைவு வந்திருந்தாலும் கொடுத்துத்தான் இருப்பேன். சூடு என்ன ஒட்டவா போகிறது?

அதற்கு ஆறாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாளில் ஈறெல்லாம் சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் வந்தது. நாக்கிலும் உதட்டின் உள்பக்கத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புண்கள். எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழுங்க மாட்டேன் என்றாள். காலையில் எழுந்ததிலிருந்து ஒரு தடவைகூட ஒன்றுக்குப் போகவில்லை என்று மனைவி சொன்னாள். ஆட்டோ பிடித்து மார்த்தாண்டத்துக்கு ஓடினோம்.

டாக்டரம்மா பிள்ளையின் வாயைப் பார்த்தார். பிறகு என் உதட்டைப் பார்த்தார். பொருக்கு உதிர்ந்து சிவப்பாக ஒரு அடையாளம் மட்டும் அதில் மிச்சம் இருந்தது.

"ஒங்களுக்கு இது என்ன?"

"சூட்டுப் பொக்களம் டாக்டர். வெயில்ல அலைஞ்சது."

"சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஹெர்பிஸ்னு ஒரு வைரஸ். ஒட்டும். பிள்ளைக்கு உம்மா குடுத்தியளா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "எனக்க பிள்ளைக்கு நான் குடுக்காம வேற யாரு குடுப்பா?"

அவர் கோபப்படவில்லை. "ஒங்களுக்கும் யாராவது சின்னதுல ஆசையா உம்மா குடுத்து வந்ததாத்தான் இருக்கும். பிள்ளைக்குப் பத்துப் பன்னெண்டு நாள்ல மாறிரும். ஆனா தண்ணி உள்ள போவணும். நல்லா தணுப்பாக் குடுங்க, ஐஸ்கிரீம்னாலும் சரி. சாயங்காலத்துக்குள்ள குடிக்கலன்னா கொண்டு வாங்க, டிரிப் போடணும். ஒங்களுக்கு இனியும் பொக்களம் வரும். வந்தா உம்மா கூடாது" என்றார். வலிக்கு ஒரு சிரப்பும், வைரஸுக்கு ஒரு மருந்தும் எழுதித் தந்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது மனைவி பிள்ளையின் எச்சிலைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இளநீரை உறைய வைத்து, உடைத்துத் துருவி, கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். அம்மா கொடுத்தாலும் கரண்டியைத் தட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா வேறு, "காய்ச்சப் பிள்ளைக்கு ஐஸா? ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று தலையில் கைவைத்தாள். மணி மூன்று தாண்டிவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்போதுதான் அது தோன்றியது. முற்றத்துக்கு ஓடி, மதில் பக்கம் நின்று, மனைவிக்கு வீடியோ கால் போட்டேன்.

திரையில் என்னைப் பார்த்ததும் அந்த வீங்கின முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. கரண்டி கையில் இல்லை. வெறும் விரலை நீட்டி "ஆ" என்றேன். அவள் வாயைத் திறந்தாள், வலியோடுதான் திறந்தாள். மனைவி இளநீர் ஐஸை மெதுவாக நாக்கில் வைத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். "இன்னும் ஒண்ணு மக்கா. ஆ." இப்படியே ஒரு கிண்ணம் உள்ளே போனது. ஐந்தரை மணிக்கு மனைவி உள்ளேயிருந்து, "கேட்டியளா, பிள்ளை மூத்திரம் பெய்ஞ்சாச்சு!" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி கத்தினாள். நான் முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

புண் மாறும்வரை மருந்தும் கஞ்சியும் அப்படித்தான் இறங்கின; நேரில் போனால் தலையைத் திருப்பிக்கொள்வாள். பிள்ளையும் அம்மாவும் அறையில், நான் முற்றத்தில். இருபதடி தூரம் இருக்காது. மதில் பக்கம் நின்று அவளுக்கு "ஆ" காட்டும்போதெல்லாம், இதை வளைகுடாவிலேயே இருந்து செய்திருக்கலாமே என்று தோன்றும். அவளைத் தூக்க வேண்டும் என்று கை ஏங்கிப்போய்க் கிடந்தது.

அவள் முழுதாகத் தேறியபோது லீவில் நாலு நாள்தான் மிச்சம். அந்த நாலு நாளும் என் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. எனக்கு உதட்டில் ஒன்றும் இல்லை, டாக்டரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் பயம். உச்சந்தலையில்கூட உதடு படாமல் பார்த்துக்கொண்டேன். போகிற அன்று ஒன்று, ஒரே ஒன்று, கன்னத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சேர்த்து வைத்திருந்தேன். போகிறதுக்கு முந்தின நாள், கீழுதட்டில் அதே குறுகுறுப்பு. சண்டாளப் பொக்களம், அன்றைக்கா வர வேண்டும்!

காலையில் கார் வந்து நின்றது. மகள் உதட்டைக் குவித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்தாள். நான் கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தேன்.

"அப்பாக்க வாயில புண்ணு மக்கா. மாறினதும் உம்மா தாறேன்."

அவள் என் உதட்டையே பார்த்தாள். அந்த வலி அவளுக்குத் தெரியுமே. "நோவுதா?" என்று கேட்டுவிட்டு, தூரத்திலிருந்தே ஊ ஊ என்று ஊதிவிட்டாள். கார் புறப்பட்டது.

அதிலிருந்து சாயங்காலம் போனில் முகம் தெரிந்ததும் அவளுடைய முதல் கேள்வி, "அப்பா, புண்ணு மாறிச்சா?" என்பதுதான். முதல் வாரம் "இல்ல" என்றேன். அது உண்மை. பத்தாம் நாள் உதடு சுத்தமாகிவிட்டது. "மாறிச்சு மக்கா!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, திரையில் உம்மா கொடுக்க உதட்டைக் குவித்தேன்.

அவள் திரையைப் பார்க்கவே இல்லை. "அம்மா, அப்பாக்குப் புண்ணு மாறிச்சு! கதவத் தொற" என்று போனைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு ஓடினாள். திரையில் முற்றமும் வானமும் கேட்டும் மாறிமாறித் தெரிந்தன. கேட்டைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை என்று மனைவி பிறகு சொன்னாள்.

மறுநாள் கூப்பிட்டேன்.

"அப்பா, புண்ணு மாறிச்சா?"

"இல்ல மக்கா" என்றேன். "இன்னும் மாறல்ல."