உப்புக்காற்று என்றார் காதர் பாய்

செவ்வாய்க்கிழமை காலை, பிளம்பர் காதர் பாய் மவுத்தாகிவிட்டார் என்று நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது அந்தச் சாவுச் செய்தியை நான் நம்பவில்லை. யார் சொன்னது, யார் பார்த்தது என்று கேட்டேன். அவராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். தொண்டியிலிருந்து அவர் மகன் பேசிய பிறகே எழுந்து வெளியே போனேன்.

அவர் எதையும் எளிதில் நம்பாதவர். கடைக்காரர் ஒரிஜினல் என்று கொடுத்த வாஷரைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். "ஒழுகுறது ஒரு பக்கம், தெரியிறது ஒரு பக்கம். தண்ணியவே நம்ப முடியாதும்மா" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், பெண்கள் கழிப்பறையில் வெஸ்டர்ன் டாய்லெட் அடியில் கசிந்தது. உட்கார்ந்தால் ஆடியது. சாந்தி அக்கா, எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "வயக்காட்டுப் பிள்ளை ஏறிக் குத்தவச்சிருக்கும். வேற யாரு?" எல்லோரும் சிரித்தார்கள். இனி வேலைக்கு வருவதில்லை என்ற முடிவோடுதான் அன்று ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஏறினேன். எங்கள் வீட்டில் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவிடம் என்ன காரணம் சொல்வதென்று தெரியாததால் மறுநாளும் வந்தேன்.

அன்று காதர் பாய் வந்தார். ஃப்ளஷ் டேங்கில் சொட்டு நீலம் ஊற்றி இழுத்துவிட்டார். "குழாய்த் தண்ணியா, டேங்க் தண்ணியான்னு நீலமே சொல்லட்டும்." அடியில் நீலமாகக் கசிந்தது. தண்ணீரை அடைத்தார். சுற்றியிருந்த வெள்ளைச் சிமெண்டைக் கொத்திவிட்டு டாய்லெட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. ஸ்க்ரூ இரண்டும் முறிந்திருந்தன. கண்ணில் பட்ட துண்டுகளைப் பொறுக்கிக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"என்ன பாய், ஏறி உக்காந்ததுதான?" என்றீர்கள்.

"நீங்க பாத்தீகளா?"

"பாக்க வேற செய்யணுமாக்கும்?"

"இத மாட்டுன அன்னைக்கு நான் இரும்பு ஸ்க்ரூ போட்டேன்த்தா. உப்புக்காத்து தின்னுருச்சு. தப்பு எம்மேல."

புது வளையம் வைத்து டாய்லெட்டை மறுபடி இறக்கினார். புது ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருகினார். "ஒரேடியா இறுக்குனா பீங்கான் கீறிரும்." சுற்றிலும் சிமெண்ட் பூசி, நாளைக் காலை வரை யாரும் அதில் உட்காரக் கூடாது என்றார். கிளம்பும்போது என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "இனிமே செருப்போட ஏறாதம்மா. வழுக்கிரும்."

அன்றிலிருந்து நம் அலுவலகத்தில் அவருக்கு 'இரும்பு பாய்' என்று பெயர். எந்தக் குழாயைத் தொட்டாலும், "இதுலயும் இரும்புதானா பாய்?" என்று யாராவது கேட்பார்கள். அவர் சிரித்துக்கொள்வார். நானும் வாய் திறக்கவில்லை.

அன்று அவர் போன பின் நானே தரையைக் கூட்டியபோது, சிமெண்டுத் தூளுக்குள் முறிந்த ஸ்க்ரூவின் தலை ஒன்று கிடைத்தது. அது இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வந்து பார்க்கலாம். அது இரும்பில்லை, பித்தளை. ஏறியது நான்தான், சாந்தி அக்கா.